மாட்டு வண்டியில் மேற்கே: ஆகாசப் புளுகுகளும் அடியில் கிடக்கும் நிஜமும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் தெருக் குழந்தைகளுக்குக் கதை வாசிக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கும் ஒரு வகை உண்டு. அமெரிக்காவில் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போன குடும்பங்களைப் பற்றிய, பக்கத்துக்குப் பக்கம் படம் போட்ட புளுகுக் கதைகள். குழந்தைகள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். பெற்றோரும் ஆசிரியர்களும்தான் அப்புறம் வந்து கேள்வி கேட்பார்கள். அடிக்கடி வருகிற கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

இது என்ன வகைக் கதை? தேவதைக் கதையா, வரலாறா?

இரண்டுமில்லை. நம் ஊரில் ஒருவர் வாய்கூசாமல் அளந்துவிட்டால் 'அண்டப் புளுகு, ஆகாசப் புளுகு' என்போமே, அந்த ரகம். ஆனால் இதற்கென்று ஒரு விதி உண்டு. தேவதைக் கதையில் மந்திரக்கோல் இருக்கும், சாபம் இருக்கும். புளுகுக் கதையில் மந்திரம் கிடையாது. நிஜமான மனிதர், நிஜமான ஆறு, நிஜமான வெயில். அவற்றை மட்டும் பத்து மடங்கு, நூறு மடங்கு பெரிதாக்கிச் சொல்வார்கள். சொல்கிறவர் முகத்தில் சிரிப்பு வரவே கூடாது. கோர்ட்டில் சாட்சி சொல்வது போல, தேதி, ஊர், எடை எல்லாம் போட்டுச் சொல்ல வேண்டும்.

பழைய உதாரணம் ஒன்று. ஒரு கோடையில் வெயில் தாங்காமல் வயலில் நின்ற மக்காச்சோளம் செடியிலேயே பொரிந்து நாலாபக்கமும் பறந்ததாம். அதைப் பார்த்த கோவேறு கழுதை, பனி கொட்டுகிறது என்று நினைத்துக் குளிரில் விறைத்துச் செத்துப்போனதாம். வெயில் நிஜம், சோளம் நிஜம், கழுதையும் நிஜம். மூன்றையும் கட்டியிருக்கும் கயிறு மட்டும் திரித்தது.

அந்தக் குடும்பங்கள் யார்? எங்கிருந்து எங்கே போனார்கள்?

பெரும்பாலான கதைகள் நடப்பது ஓரிகன் பாதையில். மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் போன்ற ஊர்களில் புறப்பட்டு, பிளாட் ஆற்றங்கரையோடு நடந்து, ராக்கி மலைத் தொடரை சவுத் பாஸ் என்ற கணவாய் வழியாகத் தாண்டி, ஸ்னேக் ஆறு, நீல மலைகள், கொலம்பியா ஆறு என்று போய், ஓரிகனின் வில்லமெட் பள்ளத்தாக்கில் முடியும் பாதை அது. ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். நாலைந்து மாதம், சில சமயம் ஆறு மாதமும் ஆகும். 1843-ல் ஏறக்குறைய ஆயிரம் பேர் ஒரே கூட்டமாகப் போனார்கள். அதிலிருந்துதான் இது பெரிய அலையானது. 1869-ல் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ரயில் பாதை முடிகிற வரைக்கும், ஓரிகன், கலிஃபோர்னியா, யூட்டா எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று, நான்கு லட்சம் பேர் இந்த வழிகளில் போயிருப்பார்கள் என்பது பொதுவான கணக்கு.

போனதற்குக் காரணம் நிலம். கிழக்கே விலை வீழ்ச்சியும் கடனும் மலேரியாக் காய்ச்சலும். மேற்கே ஈரமான, கொழுத்த மண் கிடைக்கும் என்ற பேச்சு.

புறப்படுகிற நாளை மாடுதான் தீர்மானிக்கும். புல் முளைக்கும் முன் கிளம்பினால் மாட்டுக்குத் தீனி இல்லை. தாமதித்தால் மலையில் பனி மறித்துவிடும். அதனால் ஏப்ரல், மே மாதத்தில் கிளம்புவார்கள். வயோமிங்கில் இண்டிபெண்டன்ஸ் பாறை என்று ஒரு பெரிய கல் குன்று இருக்கிறது. ஜூலை 4-ஆம் தேதிக்குள் அங்கே போய்ச் சேர்ந்தால் பயணம் சரியாகப் போகிறது என்று அர்த்தம். அதில் அவர்கள் செதுக்கிய பெயர்களை இன்றும் பார்க்கலாம்.

இந்தப் படக்கதைகளில் வண்டி நிறையப் பழமரங்களை ஏற்றிக்கொண்டு போன ஓர் அப்பா வருகிறாரே, அது முழுப் புளுகுதானே?

நான் மிகவும் ஆசையாகப் பதில் சொல்லும் கேள்வி இது. அந்த அப்பா நிஜம். வண்டியும் நிஜம். மரங்களும் நிஜம்.

அவர் பெயர் ஹெண்டர்சன் லூவெலிங். அயோவா மாநிலத்தில் சேலம் என்ற சிற்றூரில் பழமர நர்சரி வைத்திருந்தவர். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்தவர். தப்பி வரும் அடிமைகளுக்கு அவருடைய வீட்டில் அடைக்கலம் கிடைத்தது. அந்தக் கல் வீடு இப்போது அருங்காட்சியகம்.

1847 ஏப்ரலில் அவர் குடும்பத்தோடு ஓரிகனுக்குக் கிளம்பினார். மற்றவர்கள் வண்டியில் மாவும் பன்றிக்கறியும் ஏற்றியபோது, இவர் ஒரு வண்டிக்குள் அடங்குகிற மாதிரி ஓர் அடி ஆழத்துக்குப் பெட்டிகள் செய்து, கரித்தூளும் மண்ணும் கலந்து நிரப்பி, அதில் ஏறக்குறைய 700 இளமரங்களை நட்டார். ஆப்பிள், பேரி, பிளம், செர்ரி, பீச், திராட்சை. முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பைத் தாண்டிய உயரம் வரைக்கும் இருந்தன. மாடுகள் கடிக்காமல் இருக்கச் சுற்றிச் சட்டம் அடித்தார்.

அப்புறம் வழி நெடுகத் தண்ணீர். தினமும். குடிக்கவே தண்ணீர் கிடைக்காத வறண்ட வெளிகளிலும் அந்த மரங்களுக்கு ஊற்றியாக வேண்டும். வண்டியோ ஈர மண்ணால் கனத்துக் கிடந்தது. மாடுகள் சோர்ந்தன. இந்த மரங்களை இங்கேயே விட்டுவிட்டு உயிர் தப்பும் வழியைப் பாருங்கள் என்று கூட வந்தவர்கள் எடுத்துச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. கொலம்பியா ஆற்றங்கரைக்கு வந்ததும் மரங்களை எடுத்துத் துணியில் பொதிந்து படகில் ஏற்றி, நவம்பரில் வில்லமெட் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர்ந்தார். பாதி மரங்கள் பிழைத்தன.

ஆலங்கட்டி மழை பேரிக்காய்களைத் தாக்க, குழந்தைகள் பாவாடையை விரித்துக் காப்பாற்றினார்கள் என்று படம் போட்டால் அது புளுகு. ஆனால் 3,200 கிலோமீட்டருக்கு ஒரு பழத்தோட்டத்தை மாட்டு வண்டியில் இழுத்துப் போனார் என்பதை விடப் பெரிதாக யாராலும் கதை விட முடியாது. குழந்தைகளிடம் புளுகை முதலில் வாசித்துவிட்டு, இதை அப்புறம் சொல்லிப் பாருங்கள். "நிஜமாவா?" என்று கண்ணை விரிப்பது இந்த இடத்தில்தான்.

ஒரு சின்ன வருத்தமும் உண்டு. கதைகளில் எப்போதும் அப்பாவின் பிடிவாதத்துக்குத்தான் கொண்டாட்டம். அந்தப் பயணத்தில் லூவெலிங்கின் மனைவி எட்டுக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு, ஒன்பதாவது குழந்தையை வயிற்றில் சுமந்தபடி வந்தார். போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் பிறந்த அந்தப் பையனுக்கு ஓரிகன் கொலம்பியா என்று பெயர் வைத்தார்கள். நான் வாசிக்கும்போது அந்த அம்மாவைப் பற்றி இரண்டு வரி சேர்த்தே சொல்கிறேன்.

விதையை ஒரு பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாமே? மரத்தை ஏன் சுமக்க வேண்டும்?

எட்டு வயதுப் பெண் ஒருத்தி கேட்ட கேள்வி. நல்ல கேள்வி. பதிலைப் புரிந்துகொள்ள நம் மாமரத்தை நினைத்தால் போதும். நல்ல மல்கோவாவைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் புதைத்தால் அதே மல்கோவா வருவதில்லை. அதனால்தான் ஒட்டுச் செடி வாங்குகிறோம். ஆப்பிளும் அப்படியே. ஒரே பழத்தின் ஐந்து விதைகள் ஐந்து விதமான மரங்களாகும். பெரும்பாலும் புளிப்பும் துவர்ப்புமாக இருக்கும். நல்ல ரகம் அப்படியே வேண்டுமென்றால் அதன் கிளையை வெட்டி ஒட்டுக் கட்ட வேண்டும். லூவெலிங் சுமந்து போனவை ஒட்டு மரங்கள். ஓரிகனில் போய் அவற்றிலிருந்து கிளை எடுத்து ஆயிரக்கணக்கில் ஒட்டுக் கட்டலாம் என்பது அவர் கணக்கு.

இதே காரணத்தால், ஆப்பிள் விதையைத் தூவிக்கொண்டே நடந்தவர் என்று கதைகளில் வரும் ஜானி ஆப்பிள்சீடையும் இங்கே சொல்லலாம். ஜான் சாப்மன் என்பது அவருடைய நிஜப் பெயர், 1774-ல் பிறந்து 1845-ல் இறந்தவர். ஒஹாயோ, இண்டியானா பக்கம் விதை போட்டு நாற்றங்கால் அமைத்தார். விதையில் முளைத்த அந்தப் புளிப்பு ஆப்பிள்கள் பெரும்பாலும் சைடர் என்ற மதுபானம் காய்ச்சத்தான் உதவின. குழந்தைகள் புத்தகங்கள் இந்தப் பகுதியை மெல்லத் தாண்டிப் போய்விடும்.

அந்த மரங்கள் அப்புறம் என்ன ஆயின?

போர்ட்லாண்டுக்குப் பக்கத்தில் மில்வாக்கி என்ற இடத்தில் லூவெலிங் நர்சரி போட்டார். கலிஃபோர்னியாவில் தங்க வேட்டை சூடு பிடித்த நேரம். சுரங்கக்காரர்களிடம் காசு இருந்தது, பழம் இல்லை. ஓரிகன் ஆப்பிளை ஒரு ராத்தல் (ஏறக்குறைய அரைக் கிலோ) ஒரு டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கினார்கள். பின்னர் லூவெலிங் கலிஃபோர்னியாவுக்கே போய்ப் பழத்தோட்டம் போட்டார். ஓக்லாண்ட் நகரத்தில் இன்று ஃப்ரூட்வேல், அதாவது பழப் பள்ளத்தாக்கு, என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. அந்தப் பெயர் அவருடைய தோட்டத்திலிருந்து வந்தது.

ஓரிகனில் தோட்டத்தைத் தொடர்ந்து நடத்தியவர் அவருடைய தம்பி சேத். இன்று அமெரிக்கக் கடைகளில் அதிகம் விற்கும் கருஞ்சிவப்பு பிங் செர்ரி 1870-களில் அங்கே உருவானது. சேத்தின் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்த சீனர் ஆ பிங்கின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். ஊரில் குடும்பத்தைப் பார்க்கச் சீனாவுக்குப் போன ஆ பிங்கால் திரும்பி வர முடியவில்லை. சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் நுழைவதை 1882-ல் போட்ட சட்டம் தடுத்தது. அவர் பெயர் மட்டும் அந்த நாட்டில் தங்கிவிட்டது. பத்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குக் கதை முடிந்தும் யாரும் உடனே எழுந்து போகவில்லை.

இவ்வளவு கஷ்டமான பயணத்தில் எதற்குப் புளுகு?

பகல் முழுக்க நடை. இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தால் பேச்சைத் தவிர வேறு பொழுதுபோக்கு இல்லை. நாளைக்குத் தாண்ட வேண்டிய ஆற்றை நினைத்தால் வயிற்றைக் கலக்கும். அந்த ஆற்றை இன்னும் பெரிதாக்கி, அதில் வண்டியளவு மீன் ஒன்றையும் விட்டால் சிரிப்பு வந்துவிடும். பிளாட் ஆற்றைப் பற்றி அவர்கள் சொன்னது இன்றும் அங்கே வழக்கில் இருக்கிறது: அகலம் ஒரு மைல், ஆழம் ஓர் அங்குலம். குடிக்கலாம் என்றால் கெட்டியாக இருக்கிறது, உழலாம் என்றால் தண்ணியாக இருக்கிறது.

புளுகில் மன்னன் என்றால் ஜிம் பிரிட்ஜர். மலைகளில் விலங்குத் தோலுக்காக அலைந்து, 1843-ல் வயோமிங்கில் பயணிகளுக்காக ஒரு வணிகக் கோட்டை கட்டி உட்கார்ந்தவர். அவர் அளந்தவற்றில் ஒன்று: ஒரு மான் மந்தையைச் சேர்ந்த ஆண் மானைப் பார்த்துச் சுட்டாராம். மான் அசையவில்லை. இன்னொரு தடவை சுட்டார். அப்போதும் புல் மேய்ந்துகொண்டிருந்தது. கோபத்தில் ஓடிப்போய் முட்டிக்கொண்டார். நடுவில் ஒரு கண்ணாடி மலை! அது தொலைநோக்கி மாதிரி வேலை செய்து, நாற்பது கிலோமீட்டர் தள்ளி நின்ற மானைக் கிட்டக் காட்டியதாம்.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு மலை முகட்டில் எதிரொலி திரும்பி வர எட்டு மணி நேரம் ஆகுமாம். ராத்திரி படுக்கும்போது "எழுந்திரு!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத் தூங்குவாராம். விடிந்ததும் எதிரொலி வந்து எழுப்புமாம்.

கண்ணாடி மலைக்கு விதை எது தெரியுமா? எல்லோஸ்டோன் பகுதியில் எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கறுப்புக் கண்ணாடிப் பாறை, மலைச்சரிவாகவே நிற்கிறது. கல்லாகிப்போன மரங்களும் அங்கே இருக்கின்றன. அவர் ஆரம்பத்தில் அங்கே இருக்கும் வெந்நீர் ஊற்றுகளைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னபோது யாரும் நம்பவில்லை என்பார்கள். நம்பாதவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வதில் தப்பென்ன என்று அவர் நினைத்திருக்கலாம்.

பாய் கட்டிய வண்டி புல்வெளியில் ஓடுவதாகப் படத்தில் இருக்கிறதே, அது?

அதுவும் நடந்தது. கான்சாஸில் சாமுவேல் பெப்பர்ட் என்பவர் 1860-ல் பாய்மரம் வைத்த வண்டி ஒன்றைக் கட்டி, காற்றை நம்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேற்கே ஓட்டினார். டென்வரை நெருங்கும் சமயத்தில் ஒரு சுழல்காற்று அதைத் தூக்கிப் போட்டு உடைத்தது. சாதாரணக் கூண்டு வண்டிக்கே 'புல்வெளிக் கப்பல்' என்றுதான் செல்லப் பெயர். தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைத் துணிக் கூரை பாய் மாதிரித் தெரியும்.

வண்டிக்குள் வாழ்க்கை நிஜத்தில் எப்படி இருந்தது? படங்களில் எல்லோரும் ஜாலியாக உட்கார்ந்து போகிறார்களே.

உட்கார்ந்து போவது அபூர்வம். வண்டிப் பெட்டி பத்தடி நீளம், நாலடி அகலம்தான். அதில் பெரியவர் ஒருவருக்கு 200 ராத்தல் மாவு, 150 ராத்தல் பன்றிக்கறி, சர்க்கரை, காபி, உப்பு என்று ஏற்றினால் மனிதருக்கு இடமேது? ஸ்பிரிங் எதுவும் இல்லாததால் குலுக்கலும் தாங்காது. அதனால் குழந்தைகள் உட்பட எல்லோரும் பக்கத்திலேயே நடந்தார்கள். நாளொன்றுக்கு 20, 25 கிலோமீட்டர். பலர் செருப்புத் தேய்ந்து வெறுங்காலோடு நடந்தார்கள்.

அந்தக் குலுக்கலிலும் ஒரு லாபம் இருந்தது. காலையில் கறந்த பாலின் ஆடையை ஒரு வாளியில் மூடி வண்டியில் தொங்கவிட்டால் சாயங்காலம் வெண்ணெய் திரண்டிருக்கும். மத்துப் பிடித்துக் கடையாத வெண்ணெய். குழந்தைகள் இதைத்தான் புளுகு என்று அடித்துச் சொல்வார்கள். இது நிஜம்.

புல்வெளியில் விறகு கிடையாது. பைசன் என்ற காட்டெருமை மந்தை விட்டுப்போன காய்ந்த சாணியைப் பொறுக்கி எரித்தார்கள். வறட்டி என்றால் நம் குழந்தைகளுக்கு உடனே புரிகிறது. அதைப் பாவாடை மடியில் பொறுக்கி வருவது பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தினப்படி வேலை. பன்றிக்கறி உருகாமல் இருக்கத் தவிட்டுக்குள் புதைத்தார்கள். முட்டையை மாவுக்குள் புதைத்தார்கள், உடைந்தால் அப்படியே ரொட்டிக்குப் பிசைந்துவிடலாம். வண்டியின் பின்னால் தாரும் கொழுப்பும் கலந்த வண்டி மை வாளி ஆடிக்கொண்டே வரும். வறண்ட காற்றில் சக்கரத்து மரம் சுருங்கி இரும்புப் பட்டை கழன்றுவிடும். ராத்திரி சக்கரத்தை ஆற்றில் ஊறப்போட்டால் மரம் உப்பி மறுபடி இறுகும். ஆழமான ஆறு வந்தால் வண்டிப் பெட்டியின் இடுக்குகளில் கீல் அடைத்துப் படகாக மிதக்கவிட்டார்கள்.

கோழிக் கூண்டைப் பின்னால் கட்டிப் போவதும் உண்டு. அதைப் பற்றி ஒரு பழைய கதை: ஓரிடத்தில் நிலைக்காமல் வருஷா வருஷம் மேற்கே நகர்ந்துகொண்டே இருந்த ஒரு குடும்பத்தில், வசந்தம் வந்துவிட்டால் கோழிகள் தாமாகவே மல்லாந்து படுத்து, காலைச் சேர்த்து நீட்டிக்கொள்ளுமாம், கட்டுவதற்குத் தோதாக.

படங்களில் எதைக் கவனிக்கச் சொல்ல வேண்டும்?

எழுத்து ஒன்று சொல்லும், படம் வேறு சொல்லும். வேடிக்கை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. "கொஞ்சம் காற்றடித்தது" என்று கீழே எழுதியிருக்கும். மேலே படத்தில் வண்டி, மாடு, பாட்டி எல்லாம் வானத்தில் இருக்கும். அதனால் நான் எழுத்தை அவசரமில்லாமல், முகத்தை மாற்றாமல் வாசித்துவிட்டு நிறுத்திவிடுவேன். மறுப்பு குழந்தைகளிடமிருந்து வரட்டும். "பொய்! பாட்டி பறக்கிறாங்க!" என்று கத்துவார்கள். பெரியவர் முந்திக்கொண்டு சிரித்தால் இது கெட்டுவிடும்.

ஓரங்களையும் பாருங்கள். நல்ல ஓவியர்கள் ஒரு நாயையோ கோழியையோ ஒவ்வொரு பக்கத்திலும் ஒளித்து வைத்து அதற்குத் தனிக் கதை கொடுத்திருப்பார்கள். மாடுகளின் முகத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எல்லாப் புளுகும் நடக்கும்போது அவை மட்டும் நுகத்தடிக்குக் கீழே களைத்துப்போய் நிற்கும். பயணத்தின் நிஜ பாரம் அந்த முகத்தில் தெரியும்.

வழியில் இறந்தவர்களைப் பற்றிக் குழந்தைகளிடம் சொல்லலாமா?

கேட்டால் சொல்லுங்கள். அதிகம் பேரைக் கொன்றது காலரா. 1849 முதல் 1852 வரை அது பாதை நெடுகப் பரவியது. அழுக்குத் தண்ணீரால் வருகிறது என்று அப்போது தெரியாது. காலையில் நன்றாக இருந்தவர் இரவுக்குள் போய்விடுவார். ஆற்றில் மூழ்கியவர்கள், ஓடும் வண்டியிலிருந்து விழுந்து சக்கரத்தில் சிக்கிய குழந்தைகள், தன் துப்பாக்கியே வெடித்து இறந்தவர்கள் என்று இன்னும் உண்டு. ஆறு வயதுக்காரருக்கு "நிறையப் பேருக்கு உடம்பு சரியில்லாமல் போனது, எல்லோரும் போய்ச் சேரவில்லை" என்பது போதும்.

அந்த நிலம் காலியாகவா இருந்தது?

இல்லை. இந்தக் கதைகளில் பெரும்பாலானவற்றின் பெரிய குறை இதுதான், இதைச் சொல்லாமல் நான் எந்தப் புத்தகத்தையும் மூடுவதில்லை. பானி, லக்கோட்டா, செயென், ஷோஷோனி, நெஸ் பெர்ஸ், கேயூஸ் என்று பாதை முழுக்க மக்கள் வாழ்ந்தார்கள். பழைய படப் புத்தகங்களில் அவர்கள் இரண்டே விதமாகத்தான் வருவார்கள்: கத்திக்கொண்டு குதிரையில் பாய்பவர்களாக, அல்லது படத்திலேயே இல்லாதவர்களாக.

நடந்தது வேறு. மிகப் பெரும்பாலான சந்திப்புகள் வியாபாரமும் உதவியும்தான். ஆற்றைத் தாண்ட வண்டிகளுக்கும் மாடுகளுக்கும் அவர்கள் வழிகாட்டினார்கள். சால்மன் மீன், உருளைக்கிழங்கு, தோல் செருப்பு விற்றார்கள். 1840 முதல் 1860 வரையிலான பயணங்களை ஆராய்ந்த ஜான் அன்ரூ என்ற வரலாற்று ஆய்வாளரின் கணக்குப்படி, பூர்வகுடிகள் கையால் இறந்த பயணிகள் 362 பேர். பயணிகள் கையால் இறந்த பூர்வகுடிகள் 426 பேர். இருபது வருஷத்துக்கும் சேர்த்துத்தான் இந்த எண்கள்.

வண்டிகள் கூடக் கூட, மாடுகள் புல்லைத் தின்று தீர்த்தன, பைசன் மந்தைகள் விலகிப்போயின, புதிய நோய்கள் வந்தன. லூவெலிங் மரங்களோடு போன அதே 1847-ல் தட்டம்மை பரவி கேயூஸ் மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரைக் கொண்டுபோனது. 1850-ல் அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட சட்டம் ஓரிகனில் வெள்ளைக்காரத் தம்பதிக்கு 640 ஏக்கர் வரை இலவசமாகக் கொடுத்தது. அந்த நிலத்துக்காரர்களோடு ஒப்பந்தங்கள் முடிவதற்கு முன்பே.

எல்லா முன்னோடிகளும் வெள்ளையர்கள் என்பதும் சரியில்லை. 1844-ல் ஜார்ஜ் புஷ் என்ற கறுப்பினத்தவர் மனைவி மக்களோடு இந்தப் பாதையில் வந்தார். கூட வந்த ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்து உதவியவர். ஓரிகனில் கறுப்பினத்தவர் குடியிருக்கத் தடை என்று தெரிந்ததும் வடக்கே ப்யூஜெட் சவுண்ட் பகுதிக்குப் போனார். நண்பர்களும் அவரை விட்டுவிடாமல் கூடவே போனார்கள். இவரைப் பற்றி ஒரு நல்ல படக்கதை தமிழில் வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சிரிப்புக் கதையில் இதையெல்லாம் சொன்னால் சிரிப்பு போய்விடாதா?

போவதில்லை. நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன்: "இந்தப் படத்தில் யார் இல்லை?" ஒரு தடவை கேட்டால் போதும், அடுத்த புத்தகத்தில் அவர்களே தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். கோழி மல்லாந்து படுத்ததற்கும் சிரிக்கிறார்கள்.

பால் பன்யன், பெக்கோஸ் பில் நிஜ மனிதர்களா?

இல்லை. மரம் வெட்டுபவர்களின் முகாம்களில் உலவிய ராட்சதன் பால் பன்யனை நாடு முழுக்கப் பரப்பியது, 1914-லிருந்து ஒரு மரக் கம்பெனி வெளியிட்ட விளம்பரப் புத்தகங்கள். சுழல்காற்றின் மேல் சவாரி செய்யும் பெக்கோஸ் பில் 1923-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் அச்சேறினான். இப்படிப்பட்ட கதைகளில் வரும் டேவி க்ராக்கெட் என்ற வேட்டைக்காரர், அரசியல்வாதி மட்டும் நிஜம். 1835-லிருந்து அவர் பெயரில் வந்த பஞ்சாங்கப் புத்தகங்கள்தான் அவரைப் புளுகு நாயகனாக்கின.

எந்த வயதுக் குழந்தைக்கு ஏற்றது?

ஐந்து வயதுக்கு மேல். அதற்குக் கீழே உள்ளவர்கள் அளப்பதையும் அப்படியே நம்பிவிடுவார்கள், வேடிக்கை புரியாது. பொய் என்று கண்டுபிடிக்கத் தெரிந்த வயதே சரியான வயது.

பொய் சொல்லப் பழக்கிவிடாதா?

ஆசிரியர்கள் பலர் கேட்கிறார்கள். ஏமாற்றச் சொல்வது பொய். இங்கே சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். என் அனுபவத்தில், இந்தக் கதைகளைக் கேட்டு வளரும் பிள்ளைகள் எதையும் சட்டென்று நம்புவதில்லை. "இதில் எது விதை, எது அளப்பு?" என்று கேட்கப் பழகிவிடுகிறார்கள். போன மாதம் ஒரு பையன் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியைப் பார்த்து அப்பாவிடம் இதே கேள்வியைக் கேட்டதாக அவர் வந்து சொன்னார்.

ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்வது எப்படி?

வார்த்தைக்கு வார்த்தை போனால் செத்துவிடும். நம்மிடம் இருக்கும் சொற்களை எடுங்கள். கூண்டு வண்டி, நுகத்தடி, வண்டி மை, வறட்டி, கீல், ஒட்டு. மாட்டு வண்டிக்கு நாம் சொல் தேட வேண்டியதில்லை, தாத்தாக்களிடம் கேட்டால் சக்கரத்தின் ஒவ்வொரு பாகத்துக்கும் பேர் சொல்வார்கள். ஆனால் ஊரையும் ஆற்றையும் மாற்றாதீர்கள். பிளாட் ஆறு பிளாட் ஆறாகவே இருக்கட்டும். மைல், ராத்தல் என்று வந்தால் ஒரு தடவை கிலோமீட்டரில், கிலோவில் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

குழந்தைகளையே எழுதச் சொல்லலாமா? எப்படி ஆரம்பிப்பது?

நிஜமாக நடந்த ஒன்றிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். வீடு மாறியது, லாரியில் சாமான் ஏற்றியது, ஊருக்கு பஸ்ஸில் போனது. அதில் ஒரே ஒரு பொருளை மட்டும் பெரிதாக்க வேண்டும். எண்கள் கட்டாயம் வேண்டும், எண் போட்டால்தான் புளுகுக்கு எடுப்பு வரும். முகத்தில் சிரிப்பு வராமல் வாசித்துக் காட்ட வேண்டும்.

சென்ற சனிக்கிழமை ஒன்பது வயதுப் பையன் ஒருவன் எழுதி வந்தது: வீடு மாறும்போது பாட்டி தன் கறிவேப்பிலைத் தொட்டியை விட்டுவர மறுத்துவிட்டாராம். டெம்போவில் பாட்டி தொட்டியை மடியில் வைத்துக்கொண்டாராம். வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்ததில், மூன்றாவது சிக்னலுக்குள் செடி கூரையை முட்டி, ஐந்தாவது சிக்னலுக்குள் கூரையைப் பிளந்து வெளியே போய், புது வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது 214 காக்கைகள் அதில் கூடு கட்டியிருந்தனவாம். முடித்துவிட்டுத் தாளை மடித்தபடி சொன்னான்: "பாட்டி தொட்டியை விடமாட்டேன்னு சொன்னது மட்டும் நிஜம்."